கரிசல் சீமையில் மோட்டார் சைக்கிள் பட்டறை

மோட்டார் சைக்கிளை வேகமாக ஓடச் செய்வது அதைப் படைத்து அனுப்பிய தொழிற்சாலையின் காரியம். விசைப்பிடியை முற்றும் தளர்த்திவிட்ட நிலையில், நின்ற இடத்திலேயே அணைந்துபோகாமல் அது மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்படி செய்வதோ, அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் வேப்பமர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, எண்ணெய்க் கறை ஏறிய கைகளோடு ஆயுளைக் கழித்த பட்டறைக்காரரின் காரியம். முன்னதைப் பற்றி நூல்கள் உண்டு. பின்னதைப் பற்றி எழுதுவோர் அரிது. இத்தனைக்கும், பழைய வண்டியொன்றின் யோக்கியதையை அறிய விரும்புகிறவர் அதை அறுபது மைல் வேகத்தில் விரட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. கடைத்தெருவில் நிறுத்திவிட்டு வெற்றிலை பாக்கு வாங்கி முடிக்கும் வரையில் அது அணையாமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ‘ஸ்லோவில் நிற்கிறதா?’ என்ற இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே இந்தச் சீமையில் ஒரு தொழில் வேரூன்றி வளர்ந்தது என்று சொல்வது மிகையாகாது.

மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து 1910-ல் இராமநாதபுரம் ஜில்லாவை அமைத்தபோது அதற்குள் அடங்கி, 1985-ல் அந்த ஜில்லா மூன்றாகப் பிரிந்தபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பங்காக வந்து சேர்ந்த இந்த நிலம், மழை பெய்தால் வண்டிச் சக்கரத்தை விடாமல் பற்றிக்கொள்ளும் களியாகவும், மழை நின்ற சில வாரங்களில் பாளம் பாளமாக வெடித்து, பிறகு காற்றில் எழும் நுண்ணிய தூளாகவும் மாறும் சுபாவமுடைய கரிசல் பூமி. குண்டாறு என்றொரு நதி திருச்சுழி வழியே போகிறது என்றாலும், வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அதில் மணலே ஓடுகிறது. பருத்தியும் மல்லியும் குதிரைவாலியும் விளையும் காடுகளுக்கும், நூற்பாலைகளும் நெசவுத் தெருக்களும் நிறைந்த அருப்புக்கோட்டைக்கும் இடையே நடந்த போக்குவரத்தெல்லாம் நெடுங்காலம் மாட்டு வண்டியை நம்பியே இருந்தது. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் இரயில் பாதையே 1960-களில்தான் வந்தது. ஆகவே இங்கே ஒரு யந்திர வாகனம் வந்து நின்றது என்றால், அது பட்டணத்துச் சாலைக்கென்று செய்த யந்திரம் புழுதிக் காட்டுக்குள் வந்து நின்றது என்று பொருள்.

யந்திர வாகனத்தோடு தென் ஜில்லாக்களுக்கு உறவு ஏற்பட்டதோ வெகு முன்னரே. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய ஸ்தாபனம் மோட்டார் பஸ்ஸையும், அதைவிட முக்கியமாக மோட்டார் பழுது பார்க்கும் சாஸ்திரத்தையும் இந்தப் பக்கத்து வாலிபர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து பஸ்கள் முடங்கும் நிலை ஏற்பட்டபோது, அதே ஸ்தாபனம் மரக்கரியை எரித்து அதிலிருந்து எழும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் கலனைச் செய்து விற்றது. பஸ்ஸின் பின்புறம் உருளை போன்ற உலையைச் சுமந்துகொண்டு, ஏற்றம் வரும்போதெல்லாம் மூச்சு வாங்கி நின்ற அந்தக் கரி பஸ்களை நினைவில் வைத்திருந்தவர்கள், சென்ற தலைமுறை வரையில் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். எரிபொருளும் காற்றும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பதைப் பொறுத்தே எஞ்சின் ஓடுவதும் நிற்பதும் அமைகின்றன என்ற உண்மையை, பாடப் புத்தகம் கண்டறியாத பஸ் கிளீனர்கள் அந்தக் கரி உலையின் முன் நின்று, கண்ணெரிச்சலோடு கற்றுக்கொண்டார்கள். நம் நாட்டுத் தொழிற்கல்வியின் சரித்திரத்தில் அந்த உலைக்கு ஓர் இடம் தரலாம் என்பது என் அபிப்பிராயம்.

யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. ‘டிஸ்போசல் வண்டி’ என்று பெயர் பெற்ற அந்த ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்கள், உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று எவருக்கும் தெரியாத நிலையில், கொல்லன் பட்டறையிலும் கடைசல் பட்டறையிலும் செய்த பாகங்களைக் கொண்டு உயிர் பிழைத்தன. 1950-களின் முற்பகுதியில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 800 புல்லட் வண்டிகளை இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையிடம் கேட்டு வாங்கியதும், அதைத் தொடர்ந்து 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் அந்தத் தொழிற்சாலையும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவியதும், அந்தக் கூட்டு முயற்சி சென்னையை அடுத்த திருவொற்றியூரில் வேரூன்றியதும் யாவரும் அறிந்த வரலாறு. 1961-ல் மைசூரில் ஐடியல் ஜாவா வந்தது. அடுத்த வருஷம் எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் போலந்து நாட்டு வண்டியொன்றின் மாதிரியில் ராஜ்தூத்தை வெளியிட்டார்கள். மில் முதலாளியும் பஞ்சு வியாபாரியும் போலீஸ் அதிகாரியும் ஏறிச் சென்ற வண்டிகள் அவை. பிறர் ஓரமாக நின்று பார்த்தார்கள்.

இனி நம் விஷயத்தின் மையத்துக்கு வருவோம். ஜெர்மனியில் டெய்ம்லரும் மேபாக்கும் 1885-ல் முதல் மோட்டார் சைக்கிளை ஓட்டிய பிறகு, பெட்ரோலை மெல்லிய துளை வழியே பீய்ச்சிக் காற்றோடு கலக்கும், மிதவையோடு கூடிய கார்பரேட்டரை மேபாக் 1893-ல் வகுத்தார். அதன் தத்துவம் மிக எளியது. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கிறது. அந்தக் காற்று குறுகிய வழியில் விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் பெட்ரோலை மேலே இழுக்கிறது. ஆனால் விசைப்பிடியை விட்டுவிட்டால் காற்றின் வழி ஏறத்தாழ மூடிக்கொள்கிறது; விரைவு இல்லை, ஆகவே பெரிய துளையிலிருந்து பெட்ரோல் எழும்புவதில்லை. அந்த நிலையில் எஞ்சினை உயிரோடு வைத்திருப்பதற்கென்றே மயிரிழை போன்ற நுண்துளையுடன் ஒரு தனி வழி உண்டு. அதுதான் ஸ்லோ ஜெட். அதற்குக் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு திருகும், வால்வு எந்த அளவு திறந்து நிற்க வேண்டும் என்று நிர்ணயிக்க மற்றொரு திருகும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்றில் வைத்த அகல் விளக்கில் திரியைத் தாழ்த்தத் தாழ்த்த அணையும் அபாயம் மிகுவதைப் போல, எஞ்சின் மெல்ல ஓட ஓட அதன் ஒவ்வொரு சிறு குறையும் வெளிப்பட்டுவிடும். வேகத்தில் மறைந்து கிடக்கும் பிணியெல்லாம் ஸ்லோவில் பேசத் தொடங்கும். கைதேர்ந்த மெக்கானிக்குகள் எந்த நோயையும் ஸ்லோவில் வைத்தே கணித்ததற்குக் காரணம் இதுதான்.

கரிசல் தூள் அந்த நுண்துளையின் ஜன்ம விரோதி. திருச்சுழிக்கும் பரளச்சிக்கும் இடைப்பட்ட மண் பாதையில் கோடைகாலத்தில் போகிற வண்டி, முன்னே செல்லும் பஸ் எழுப்பிய புழுதியை மூச்சு மூச்சாக உள்ளே வாங்குகிறது. சிலர், காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டு ‘இழுவை’ குறைகிறது என்று எண்ணி, வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினார்கள். அவர்களுடைய எஞ்சின்களின் பிஸ்டன் வளையங்கள் சீக்கிரமே தேய்ந்து, அந்தப் பணம் கடைசல் பட்டறைக்குப் போயிற்று. வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியிலோ பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சிய பிசின் துளையை அடைத்துக்கொள்ளும். ‘அண்ணே, ஓடும்போது ஒண்ணுமில்ல, ஸ்பீடு பிரேக்கர்ல பிடிய விட்டா ஆஃப் ஆயிருதுண்ணே’ என்று ஒருவர் வந்து சொன்னால், மேற்கொண்டு கேள்வி கேளாமல் கார்பரேட்டரைக் கழற்றத் தொடங்குவார் மெக்கானிக். துளையைத் திறக்க அவசரக்காரர்கள் பிரேக் கம்பியின் ஓர் இழையைப் பிரித்துக் குத்துவதுண்டு. பித்தளை மெல்லிய உலோகம். எஃகு இழை அதைக் குடைந்து பெரிதாக்கிவிடும். அதன் பின் எத்தனை திருகினாலும் பெட்ரோல் அதிகமாகவே வரும், பிளக் கரி பிடித்துக்கொண்டே இருக்கும். இதை அறிந்த மேஸ்திரிகள் துளையைப் பெட்ரோலில் ஊறவிட்டு, வாயால் ஊதியோ சைக்கிள் பம்பினால் காற்றடித்தோ திறந்தார்கள்; வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளை வட்டமாகத் தெரிகிற வரையில் விடமாட்டார்கள். பிறகு காற்றுத் திருகை இறுகும் வரையில் உள்ளே செலுத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, எஞ்சினைச் சூடாக்கி, செவியை அருகில் வைத்துக் கால் சுற்று இப்படியும் கால் சுற்று அப்படியும் திருப்பி, சத்தம் எங்கே சீராகிறதோ அங்கே நிறுத்தினார்கள். மீட்டர் ஏதும் இல்லை, செவியே மீட்டர்.

ஆனால் ஸ்லோ நிற்காததற்கெல்லாம் கார்பரேட்டரே காரணம் என்று எண்ணுவது தொழிலுக்குப் புதியவர்களின் பேதைமை. பழைய புல்லட்டில் தீப்பொறியை உண்டாக்க ஒரு பக்கத்து மூடிக்குள்ளே பாயிண்டு என்னும் இரு சிறு உலோக முனைகள் தொட்டும் பிரிந்தும் இயங்கின. அவற்றிடையே 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். முனை தேய்ந்தாலோ கருகினாலோ பொறி தவறும், வண்டி ‘மிஸ்’ அடிக்கும். அவற்றோடு இணைந்த கண்டென்சர் கெட்டுப்போன வண்டியின் லட்சணம் விசித்திரமானது: காலையில் உதைத்ததும் எழும்பும், சமர்த்தாக நான்கைந்து மைல் ஓடும், சூடேறியதும் காட்டு நடுவே நின்றுவிடும், ஆற விட்டால் மறுபடி எழும்பும். இதை அறியாமல் கார்பரேட்டரை நான்கு முறை கழற்றி மாட்டியவர்கள் பலர். மேல் வெயில் சுடுகிற இந்தச் சீமையில் அந்த நோய் அடிக்கடி வந்ததில் வியப்பில்லை. வால்வுகளின் டேப்பெட் இறுகிப்போனாலும் இப்படித்தான்: வால்வு முழுதும் மூடாமல் அழுத்தம் கசியும், வேகத்தில் தெரியாது, ஸ்லோவில் தெரியும். ஆகையால் நல்ல மேஸ்திரி, எஞ்சின் ஆறிய பிறகு தள்ளுகோலை இரு விரல்களால் உருட்டிப் பார்ப்பார். மேலும் கீழும் ஆடாமல், ஆனால் தடையின்றிச் சுழல வேண்டும் என்பது அவர் அறிந்த பிரமாணம்.

புல்லட்டை உதைப்பதற்கென்றே ஒரு சாஸ்திரம் இருந்தது. சாவியைத் திருப்பியதும் டாங்கியின் முன்னேயுள்ள ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெல்ல மிதித்து முள் நடுவுக்கு வரும் இடத்தைக் கண்டு, எஞ்சினின் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்பிரசர் பிடியை இழுத்துச் சற்று இறக்கி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். இந்த முறையைப் பொறுமையாகச் செய்தவர்களுக்கு வண்டி ஒரு மிதியில் எழும்பியது. செய்யாதவர்களின் கணுக்காலை அது திருப்பி அடித்தது. அப்படி எழும்பிய வண்டி ஸ்லோவில் நிற்கவும் செய்தால், 70 மில்லிமீட்டர் உருளையில் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும் அதன் ஒற்றைப் பிஸ்டனின் துடிப்பை எண்ணிவிடலாம் போலிருக்கும். கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள் வண்டியை வெளியே நிறுத்தி, அணைக்காமலே நின்று பேசிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். அது ஒருவகை ஆடம்பரம்தான். விளக்கைப் போட்டு ஸ்லோவில் நிறுத்தினால் பாட்டரி இறங்கும் என்று மெக்கானிக் சொன்ன புத்தியை எவரும் கேட்டதில்லை.

பெட்ரோலின் கதை வேறு. ரேஷன் கடைக்கு வந்த மண்ணெண்ணெய்க்கு அரசாங்கம் நீல வர்ணம் சேர்த்தது கலப்படத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே என்றாலும், மலிவாகக் கிடைத்த பொருளை விலையுயர்ந்த பொருளில் கலக்கும் ஆசை வர்ணத்தைக் கண்டு அஞ்சவில்லை. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாவதில்லை. வெண்புகை வரும், பிளக் நனையும், சோக்கை இழுத்தால்தான் நிற்கும், சோக்கை விட்டால் அணையும். பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தவுடன், இளம் பழுப்பானால் கலவை சரி, கருமையானால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி என்று நிதானித்து, முகர்ந்து பார்த்து, ‘அண்ணாச்சி, இனி வேற பங்குல போட்டுப் பாருங்க’ என்று தணிந்த குரலில் சொல்லும் மெக்கானிக், பங்குக்காரரின் பெயரைச் சொல்லமாட்டார். எல்லோரும் ஒரே ஊரில் வாழ வேண்டும் அல்லவா?

சில பிணிகள் வேடிக்கையானவை. டாங்கி மூடியில் காற்றுப் புக ஒரு நுண்துளை உண்டு. புழுதியும் பெட்ரோல் கசிவும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, கடைசியில் ஒரு துளியும் கீழே வராது. வண்டி இரண்டொரு மைல் ஓடி நிற்கும். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம், உடனே ஓடும், மறுபடி இரண்டொரு மைல். நெடுநாள் நின்ற வண்டிகளில் குளவி கூடு கட்டி இந்தக் காரியத்தைச் செய்ததும் உண்டு. நகரத்துக்குப் போய் நூற்றுக்கணக்கில் செலவழித்து ஏமாந்து திரும்பியவர்களுக்கு உள்ளூர்ப் பட்டறையில் ஓர் ஊசியும் ஒரு துணியும் நிவாரணம் அளித்த சமயங்களில், பட்டறைக்காரர் கூலி வாங்கக் கூசினார்.

ஜாவாவும், 1973-ல் அதன் வாரிசாக வந்த யெஸ்டியும், ராஜ்தூத்தும் இரண்டு-ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். கலப்பதில் கை தாராளமானால் பிளக் கரியும், கை சுருங்கினால் பிஸ்டன் பிடிக்கும். அவற்றின் கிராங்க் அச்சின் இரு முனைகளிலுமுள்ள எண்ணெய் சீல் தேய்ந்தால் அந்த வழியே காற்று புகுந்து, ஸ்லோ ஒரு நிமிஷம் ஏறும், ஒரு நிமிஷம் இறங்கும், எந்தத் திருகுக்கும் கட்டுப்படாது. எஞ்சினைப் பிளந்தால்தான் தீரும்.

அதுபோலவே தீராத மற்றொரு பிணி, இருபது வருஷம் ஏறி இறங்கிய கார்பரேட்டர் வால்வின் தேய்மானம். பர்மிங்ஹாமில் 1927-ல் மூன்று கம்பெனிகள் இணைந்து தோன்றிய ஆமால் நிறுவனத்தின் கார்பரேட்டரே பழைய புல்லட்டுகளில் இருந்தது. துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்த்த அதன் உடலுக்குள் வால்வு உரசி உரசிப் பள்ளம் விழுந்துவிட்டால், மூட வேண்டிய காற்று மூடாது. மெக்கானிக்கின் வித்தை தோற்கும் இடம் அது. ஜப்பானிய மிக்குனி முறையில் சென்னையில் செய்த கார்பரேட்டர்கள் 1980-களுக்குப் பின் பரவலாகக் கிடைத்தபோது, பழையதைக் கழற்றி வைத்துவிட்டு இதை மாட்டிக்கொண்டவர்கள், தம் வண்டியின் ஜாதி கெட்டது என்று சிலர் முணுமுணுத்ததைப் பொருட்படுத்தாமல் நிம்மதியாக ஓட்டினார்கள். அதற்குள் ரெட்டிச் தொழிற்சாலை 1967-லேயே மூடப்பட்டிருந்தது. தாய் மறைந்த பிறகும் திருவொற்றியூரில் பிள்ளை பிழைத்தது. 1994-ல் ஐஷர் குழுமத்தின் கைக்கு மாறியது.

தொழில் பெருகியது, இந்தக் கனமான வண்டிகளால் அன்று. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-ஆலும், 1985 வாக்கில் வந்த ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100 முதலிய நூறு சி.சி. வண்டிகளாலுமே ஆகும். பாவு சுற்றிய கட்டையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நெசவாளியும், விடியுமுன் பறித்த மல்லிகையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு விவசாயியும், பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு பால்காரரும் மொபெட்டில் ஏறியபோதுதான், மோட்டார் வாகனம் இந்தச் சீமையில் உண்மையில் ஜனங்களுடையதாயிற்று. முன்னே ஊருக்கு ஒன்றாக இருந்த பட்டறை அருப்புக்கோட்டையில் தெருவுக்கு ஒன்றாகியது. கிணற்றடி ஆயில் எஞ்சினிலும் நூற்பாலையிலும் ஸ்பானர் பிடித்துப் பழகிய கைகள் இந்தத் தொழிலுக்கு வந்தன. பள்ளியில் தேறாத சிறுவனை, ‘கைத்தொழில் படிக்கட்டும்ண்ணே’ என்று தகப்பனார் கொண்டுவந்து விட்டுப்போவதும், அவன் முதல் வருஷம் முழுதும் பெட்ரோலில் பாகங்களைக் கழுவுவதும், டீ வாங்கி வருவதும், இரண்டாம் வருஷம் சக்கரம் கழற்றுவதும், கார்பரேட்டரைத் தொடும் அனுமதி கடைசியில் கிட்டுவதும் எழுதப்படாத பாடத்திட்டமாயின. அந்த முறையில் சம்பளம் சொற்பம், வசவு மிகுதி, சிறுவர் உழைப்பு என்ற குற்றமும் உண்டு. அதை மறைத்துப் பெருமை பேசுவது நியாயமன்று.

மாற்றம் படிப்படியாக வந்தது. பாயிண்டும் கண்டென்சரும் போய் எலெக்ட்ரானிக் முறை வந்ததால் காட்டு நடுவே நிற்கும் சங்கடம் பாதி ஒழிந்தது. புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கில் நின்றுபோயிற்று. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற புகைக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தபோது, புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்பரேட்டரே விடைபெற்றது. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வேலையைச் சென்சர்களும் ஒரு சிறு கணிப்பொறியும் ஏற்றுக்கொண்டன. ஸ்லோ எவ்வளவு என்பதைத் தொழிற்சாலையே நிர்ணயித்து அனுப்புகிறது. பட்டறைக்காரர் திருகுவதற்குத் திருகு இல்லை. பழைய வண்டிகளுக்கோ புதிய சோதனையொன்று வந்திருக்கிறது: 2025-ல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வரத் தொடங்கிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யாத பழைய ரப்பர்களை ஊதவும் இளகவும் செய்யும். அதே ஜெட்டில் கலவை சற்று மெலிவதால் ஸ்லோ தடுமாறும். மண்ணெண்ணெய்க் கலப்பை முகர்ந்து கண்டவர்கள், இப்போது காற்றுத் திருகைக் கால் சுற்று உள்ளே தள்ளியும், ரப்பர் குழாய்களை மாற்றியும், வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதானால் கார்பரேட்டரை வடித்துவிடச் சொல்லியும் சமாளிக்கிறார்கள்.

அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரி இருக்கிறது. சைவ பானு க்ஷத்திரியக் கல்லூரி இருக்கிறது. அங்கே சரித்திரம் படிக்கும் மாணவர்கள் ஜமீன்தார்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்வதோடு, தம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் உட்கார்ந்திருக்கும் முதியவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சென்று, முதன்முதலில் எந்த வண்டியைப் பிரித்தார்கள், யாரிடம் பயின்றார்கள், எந்தப் பாகத்தை எந்த லேத்தில் கடைந்து கொண்டார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கரி உலையைக் கண்டவர்கள் போய்விட்டார்கள். பாயிண்டு வைத்துப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.